பாயிண்ட்டைக் கழட்டி எலக்ட்ரானிக் மாட்டின பழைய கார்: கடற்கரைப் பக்கம் என்னென்ன கோளாறு வரும், எப்படிப் புடிக்கிறது

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு மாதிரி வண்டிகள்ல சிபி பாயிண்ட்டையும் (ஸ்பார்க்குக்காகத் தொறந்து மூடி காயில் கரண்ட்டை வெட்டுற சுவிட்சு) அதோட கண்டென்சரையும் எடுத்துட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டிட்டு, கொஞ்ச நாள்ல "இது சரிப்பட்டு வராதுண்ணே"ன்னு திரும்ப பாயிண்ட்டுக்கே போனவங்களை நம்ம ராம்நாடு பக்கம் நான் நெறையவே பாத்திருக்கேன். அவங்க போயிருச்சுன்னு கழட்டிப் போட்ட மாட்யூலை, அதாவது கிட்டோட எலக்ட்ரானிக் பாகத்தை, வேற வண்டியில மாட்டிப் பாத்தா பெரும்பாலும் நல்லாத்தான் ஓடுது. கெட்டது கிட் இல்ல, அதுக்கு வர்ற கரண்ட்டும் அது திரும்பிப் போற எர்த்தும்தான், ரெண்டையும் உப்புக் காத்து தின்னு வச்சிருக்கும். மண்டபத்துலயும் தங்கச்சிமடத்துலயும் நிக்கிற வண்டியில மேல பாத்தா பளபளன்னு இருக்கும், ஒயர் முனையில இருக்கிற திம்பிளைக் கழட்டிப் பாத்தா உள்ள பச்சைக் களிம்பு.

பாயிண்ட் இருந்தப்பவும் அதே ஒயரு அதே எர்த்துதானே, அப்ப ஓடுச்சே, இப்ப ஏன் நிக்குதுன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பாயிண்ட்ங்கறது வெறும் சுவிட்சு, வோல்ட் கம்மியா வந்தாலும் தொறந்து மூடும், ஸ்பார்க் கொஞ்சம் சோம்பலா வரும், வண்டி இழுக்காம தொந்தரவு குடுத்து நமக்கு முன்கூட்டியே சொல்லிரும். மாட்யூல் அப்படி இல்ல, அதுக்குள்ள இருக்கிற சென்சாருக்கு ஒரு அளவு வோல்ட் இருந்தாத்தான் வேலை செய்யும், அதுக்குக் கீழ போச்சுன்னா சொல்லாம கொள்ளாம நின்னுரும். அதோட உள்ள இருக்கிற ட்ரான்சிஸ்டரே 1 வோல்ட் கிட்ட எடுத்துக்கும், அதனால நம்ம ஒயர்ல வீணாப் போறதுக்கு இடமே கெடையாது.

கணக்கும் பாத்துருவோம். சாதா 12 வோல்ட் காயிலோட (பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க் அளவுக்கு ஏத்துறது) பிரைமரி, அதாவது பேட்டரி கரண்ட் ஓடற சுத்து, 3 ஓம் கிட்ட இருக்கும், அப்ப 4 ஆம்பியர் ஓடணும். வழியில எங்கயோ ஒரு திம்பிள் களிம்பு புடிச்சு 1 ஓம் கூடுச்சுன்னா 3 ஆம்பியர்தான் ஓடும். காயில்ல சேர்ற சக்தி கரண்ட்டோட வர்க்கத்துல போறதால கால்வாசி கரண்ட் கொறஞ்சாலே ஸ்பார்க் பாதிக்குப் பக்கத்துல வந்துரும். ஒரே ஒரு ஓம் செய்யற வேலை இது, அதுக்குப் போயி கிட் மாத்தி என்ன ஆகப் போகுது.

இங்க நான் சொல்றது காந்த வளையம் வச்ச கிட் பத்தி. டெல்கோ, அதாவது ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர், அதுக்குள்ள சுத்துற கேம் மேல ஒரு மேக்னட் ரிங் உக்காரும், பாயிண்ட் இருந்த பிளேட்ல சென்சார் உக்காரும், வெளிய ரெண்டு ஒயர் வரும், சிவப்பு காயில் பிளஸ்ஸுக்கு, கருப்பு காயில் மைனஸுக்கு. பழைய லூகாஸ் காயில்னா பிளஸ் மைனஸ் போடாம எஸ்டபிள்யூ, சிபின்னு போட்டிருக்கும், எஸ்டபிள்யூ சாவிப் பக்கம், சிபி டெல்கோ பக்கம். ரொம்பப் பழைய வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரி பிளஸ் பாடியில மாட்டியிருக்கும், அதுல சாதா கிட்டை மாட்டினா அந்த நிமிஷமே போயிரும், அதுக்குத் தனி கிட்தான். பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு கண்ணால பாத்துட்டு அப்புறமா ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க.

கையில ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், ரெண்டு முனையிலயும் கிளிப் வச்ச நீள ஒயர் ஒன்னு, உப்புத்தாள், நல்ல ஸ்பேர் பிளக் ஒன்னு வச்சுக்கோங்க. டைமிங் லைட் (ஸ்பார்க் எந்த டிகிரியில வருதுன்னு காட்டுற லைட்) கடன் வாங்கியாவது வேணும். ஸ்பார்க் பாக்கறதுக்கு காயில்லருந்து வர்ற நடு ஒயரைக் கையில புடிக்கவே புடிக்காதீங்க, 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல இருக்கு, நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவங்க பக்கத்துலயே நிக்கக் கூடாது. அந்த ஒயரை அந்தரத்துல விட்டுட்டு செல்ஃப் அடிக்கறதும் தப்பு, ஸ்பார்க் போக வழியில்லாம காயிலும் மாட்யூலும் அடி வாங்கும். ஸ்பேர் பிளக்கை ஒயர் முனையில சொருகி பிளக்கோட உடம்பை எஞ்சின்ல கிளிப் போட்டுப் பாருங்க.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல எர்த்

மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு முனையை பேட்டரி மைனஸ் ஈயக் கம்பத்து மேலயே வைங்க, கிளாம்ப் மேல வைக்காதீங்க, ஏன்னா கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவுலதான் பாதி வண்டியில கோளாறே இருக்கு. இன்னொரு முனையை டெல்கோ உடம்புல, பெயிண்ட் இல்லாத இடத்துல வைங்க. ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. அரை வோல்ட், 1 வோல்ட் காட்டுச்சுன்னா அந்த வோல்ட் எங்க போகுதுன்னு ஒவ்வொரு ஜாயிண்ட்டா நகர்ந்து பாருங்க: கம்பம், கிளாம்ப், பாடி போல்ட், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற பின்னல் பட்டை, எஞ்சினுக்கும் டெல்கோவுக்கும் நடுவுல இருக்கிற கிளாம்ப் தகடு. எந்த ஜாயிண்ட்டைத் தாண்டுறப்ப அளவு எகிறுதோ அதைக் கழட்டி ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு மினுமினுன்னு ஆக்கி, இறுக்கினதுக்கு அப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க. இறுக்கறதுக்கு முன்னாடி தடவி வேலையைக் கெடுத்துறாதீங்க.

அந்தப் பின்னல் பட்டை நம்ம பக்கம் ரொம்ப சீக்கிரம் பொடிஞ்சு போகும், கீழ இருக்கறதால யாரு கண்ணுலயும் படாது. அது அத்துப் போச்சுன்னா செல்ஃபோட கரண்ட் வேற வழியில்லாம சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா திரும்பும். செல்ஃப் அடிச்சதும் சோக் கேபிளைத் தொட்டுப் பாத்து சூடா இருந்தா வேற எதையும் பாக்காம பட்டையை மாத்துங்க. கடற்கரையில ஓடுற வண்டிக்கு நான் எப்பவும் சொல்றது, டெல்கோ உடம்புல இருக்கிற ஒரு ஸ்க்ரூவுல தனியா ஒரு கருப்பு ஒயர் போட்டு நேரா பேட்டரி மைனஸுக்கே கொண்டு போயிருங்க. ரொம்பச் சின்ன செலவு, பாதி தலைவலி அதோட ஓஞ்சுரும்.

செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்பார்க் சுத்தமா இல்ல

சாவி ஆன் பண்ணி காயில் பிளஸ்ல வோல்ட் பாருங்க. பேட்டரியில எவ்வளவு இருக்கோ அதுல அரை வோல்ட்டுக்கு மேல கொறைய வேண்டாம். கொறஞ்சா சாவி சுவிட்சு, இல்ல அங்கருந்து வர்ற வெள்ளை ஒயர். கிளிப் ஒயரை பேட்டரி பிளஸ்லருந்து நேரா காயில் பிளஸ்ஸுக்குக் குடுத்துப் பாருங்க, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டா கிட் மேல ஒரு தப்பும் இல்ல. அப்படி ஓட விட்டா சாவியில ஆஃப் ஆகாது, கிளிப்பைப் புடுங்கணும், அதை ஞாபகம் வைங்க.

பிளஸ் நல்லா இருந்தா மீட்டரை காயில் மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வைங்க. பிளக்கைக் கழட்டிட்டு எஞ்சினைக் கையால மெதுவா சுத்துங்க, அம்பாசடருக்கு ஹேண்டில் இருந்தா இன்னும் சுலபம். மேக்னட் ஒவ்வொன்னும் சென்சாரைத் தாண்டுறப்ப மீட்டர் 12 வோல்ட்டுக்கும் 1 வோல்ட்டுக்கும் மாறி மாறிக் குதிக்கணும். குதிச்சா மாட்யூல் உயிரோட இருக்கு, கோளாறு காயில், நடு ஒயர், ரோட்டார் (டெல்கோ உள்ள சுத்தி ஸ்பார்க்கைப் பிரிக்கறது), கேப் (டெல்கோ மேல மூடி) இந்தப் பக்கம். 12லயே நின்னா மாட்யூல் சுவிட்ச் பண்ணல, ஆனா உடனே தூக்கிப் போடாதீங்க, டெல்கோ உள்ள பிளேட்டுக்கு எர்த் இருக்கான்னு பாருங்க, மேக்னட் ரிங்குக்கும் சென்சாருக்கும் இடைவெளி கிட்டோட வந்த பிளாஸ்டிக் கேஜ் அளவுக்கு இருக்கான்னும் பாருங்க, பெரும்பாலும் 0.75 மிமீ கிட்ட இருக்கும். 0 காட்டுச்சுன்னா, காயில் பிரைமரி அத்துப் போயிருக்கலாம், இல்ல மைனஸ் ஒயர் எங்கயோ பாடியில உரசுது.

காயிலைத் தனியா பாக்க ஒரு வழி இருக்கு. மாட்யூலோட கருப்பு ஒயரை காயில்லருந்து கழட்டிருங்க. சாவி ஆன். கிளிப் ஒயரை காயில் மைனஸ்ல மாட்டி இன்னொரு முனையை எஞ்சின்ல தொட்டுத் தொட்டு எடுங்க. எடுக்கற ஒவ்வொரு தடவையும் ஸ்பேர் பிளக்ல நீலமா ஸ்பார்க் வந்தா காயில் நல்லா இருக்கு. இப்பத்தான் மாட்யூலைச் சந்தேகப்பட நமக்கு உரிமை வருது.

இன்னொன்னு, மாத்தறப்ப பழைய கண்டென்சரை காயில் மைனஸ்லயே விட்டுட்டுப் போயிருக்காங்களான்னு பாருங்க. பாயிண்ட் இருந்தப்ப அது வேணும், மாட்யூல் வந்ததுக்கப்புறம் அந்த இடத்துல அது இருக்கக் கூடாது, ஸ்பார்க்கை மந்தமாக்கும். ரேடியோவுக்காக காயில் பிளஸ்ல வச்சது இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

செல்ஃப் சுத்தறப்ப புடிக்கல, சாவியை விடுற நேரத்துல ஒரு தடவை புடிக்குது

இது கிட்டத்தட்ட எப்பவுமே வோல்ட்தான். செல்ஃப் பேட்டரியைக் கீழ இழுக்குது, மாட்யூல் தூங்கிருது, சாவியை விட்டதும் வோல்ட் ஏறுது, ஓடிக்கிட்டிருந்த வேகத்துல ஒரு ஸ்பார்க் வருது. செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரியில 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது. போனா பேட்டரி, இல்ல செல்ஃப் மோட்டார் புஷ் தேஞ்சு கரண்ட்டை அதிகமா இழுக்குது. பேட்டரியில 10.5 இருந்து காயில் பிளஸ்ல 8தான் இருக்குன்னா நடுவுல இருக்கிற ஒயரும் சாவி சுவிட்சும். கோயிலுக்கு ஆள் ஏத்துற வண்டிகள்ல சாவி சுவிட்சு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திரும்புது, உள்ள பித்தளை தேஞ்சு போயிருக்கும், சுவிட்சு மாத்தறதை விட ஒரு ரிலே போட்டு காயிலுக்கு பேட்டரியிலருந்து நேரா கரண்ட் குடுக்கறது நல்லது, சுவிட்சு ரிலேயை மட்டும் இழுத்தா போதும்.

இதுக்கு நேர் மாறா, செல்ஃப் அடிக்கறப்ப ஸ்டார்ட் ஆகி சாவியை விட்டதும் நின்னுச்சுன்னா, பலாஸ்ட் ரெசிஸ்டர் (எஞ்சின் ஓடறப்ப காயிலுக்குப் போற கரண்ட்டைக் கொறைக்கறது, செல்ஃப் அடிக்கறப்ப கரண்ட் அதைச் சுத்திப் போயிரும்) வச்ச வண்டியில அந்த ரெசிஸ்டர் அத்துப் போச்சுன்னு அர்த்தம்.

ஐடில்ல மணி மாதிரி ஓடுது, ஆக்சிலேட்டர் குடுத்தா கட் ஆகுது

இதுல எல்லாரும் கார்பரேட்டரைக் கழட்டிக் கொட்டி வச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி டெல்கோ கேப்பைத் தொறந்து உள்ள பாருங்க. வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சுறதை வச்சு ஸ்பார்க் நேரத்தை மாத்துறது) இருக்கிற டெல்கோவுல சென்சார் உக்காந்திருக்கிற பிளேட் அசையும், அந்த அசையற பிளேட்டையும் டெல்கோ உடம்பையும் சேத்து துணி சுத்தின மெல்லிசு எர்த் ஒயர் ஒன்னு இருக்கும். பல வருஷம் வளைஞ்சு வளைஞ்சு உள்ள கம்பி அத்துப் போயி துணி மட்டும் பாக்க முழுசா நிக்கும். பாயிண்ட் இருந்தப்ப பிளேட் உரசல்லயே எப்படியோ எர்த் கெடைச்சிரும், மாட்யூலுக்கு அது பத்தாது. த்ராட்டில் குடுக்கற நேரம் வேக்குவம் மாறுது, பிளேட் திரும்புது, எர்த் விட்டுப் போகுது, எஞ்சின் கட்.

பாக்கறது எப்படின்னா, வேக்குவம் பைப்பை கார்பரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சுங்க. பிளேட் திரும்பணும், நாக்கை வச்சு அடைச்சா திரும்புன இடத்துலயே நிக்கணும். நிக்காம திரும்ப வந்துச்சுன்னா டயாஃப்ரம் ஓட்டை. பிளேட் திரும்பற நேரத்துல மீட்டரை ஓம்ல வச்சு பிளேட்டுக்கும் டெல்கோ உடம்புக்கும் நடுவுல பாருங்க, முள்ளோ நம்பரோ தாவுச்சுன்னா ஒயரை மாத்துங்க. புது ஒயர் ரொம்ப மெல்லிசு கம்பிகள் நெறைய இருக்கிற வகையா இருக்கணும், வீட்டு வயரிங் கம்பியைப் போட்டா பிளேட்டை அசைய விடாது. சென்சார்லருந்து வெளிய வர்ற ரெண்டு ஒயரும் பிளேட் திரும்பறப்ப இழுபடாம, ரிங்ல உரசாம இருக்கான்னும் அப்பவே பாத்துருங்க.

காலையில மிஸ்ஸிங், வெயில் ஏறினா தானா சரியாகுது

இது முழுக்க நம்ம ஊர் நோய். வாடைக் காத்து காலத்துல பாம்பன்ல, தொண்டியில, தேவிபட்டினத்துல ராத்திரி வெளிய நிக்கிற வண்டி காலையில நாலு சிலிண்டர்ல மூணுலதான் ஓடும், பத்து மணிக்கு மேல ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடும். ஆடி மாசம் கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கறப்ப தனுஷ்கோடி போயிட்டு வந்த வண்டிக்கும் இதேதான், 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுலருந்து ரெண்டு பக்கமும் கடலை வச்சுக்கிட்டு ஓட்டறோம், அந்தச் சாரல் முழுக்க ரேடியேட்டர் வழியா உள்ள வந்து டெல்கோ மேலதான் படியுது.

கடல் உப்பு வெறும் சமையல் உப்பு மட்டும் இல்ல, அதுல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். காஞ்ச நேரத்துல கேப் மேல படிஞ்ச உப்பு ஒன்னும் பண்ணாது, ஈரம் ஏறினதும் அந்தப் படலமே ஒயர் மாதிரி ஆகி ஸ்பார்க்கை பிளக்குக்கு விடாம பக்கத்து முனைக்கோ எஞ்சினுக்கோ இழுத்துக்கிட்டுப் போயிரும். ராத்திரி இருட்டுல பானட்டைத் தொறந்து வச்சு எஞ்சினை ஓட விட்டுப் பாருங்க, கேப் மேலயும் பிளக் ஒயர் மேலயும் நீலமா நெளியறது கண்ணுக்கே தெரியும்.

இங்கதான் பட்டறையில ஒரு பழக்கம் ரொம்ப நாளா நடந்துக்கிட்டிருக்கு, கேப்பை பெட்ரோல் துணியால தொடச்சு மாட்டுறது. பெட்ரோல்ல உப்பு கரையாது. எண்ணெய் பிசுக்கு போகும், பளிச்சுன்னு தெரியும், உப்பு அப்படியே இருக்கும், மறுநாள் காலையில திரும்ப மிஸ்ஸிங். உப்பைத் தண்ணிதான் கரைக்கும். அதுவும் நம்ம ஊர் போர் தண்ணி வேண்டாம், ராமேஸ்வரத்துலயும் வாலிநோக்கம் பக்கமும் அந்தத் தண்ணியே உப்பாத்தான் வருது. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கோங்க. கேப்பைக் கழட்டி, எந்த ஒயர் எந்த முனைன்னு போட்டோ எடுத்துட்டு, உள்ளயும் வெளியயும் நல்லா கழுவி, ஒயர்களையும் முழு நீளத்துக்கு நனைஞ்ச துணியால தொடச்சு, வெயில்ல முழுசா காய வச்சு அப்புறமா மாட்டுங்க. ஒயர் சொருகுற ரப்பர் பூட் உள்ள சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுனா ஈரம் உள்ள போகாது.

கழுவறப்பவே கேப் உள்ள பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா கருப்பு ரேகை ஏதாவது ஓடுதான்னு பாருங்க. அது கரி, ஸ்பார்க் ஓடி ஓடி எரிச்ச வழி. சொரண்டினா போன மாதிரி இருக்கும், திரும்ப வரும், கேப்பை மாத்தறது ஒன்னுதான் வழி. கேப் முனைகள் அலுமினியமா இருந்தா வெள்ளைப் பொடி பூத்திருக்கும், பித்தளை முனை இருக்கிற கேப் கெடைச்சா நம்ம பக்கத்துக்கு அதுதான் நல்லது. நடுவுல இருக்கிற கார்பன் புஷ் ஸ்பிரிங்கோட உள்ள வெளிய தாராளமா அசையுதான்னும் அமுக்கிப் பாருங்க. சில கிட்ல மேக்னட் ரிங் மேல ரோட்டார் உக்காரறப்ப பழைய அளவை விட கொஞ்சம் தூக்கி நிக்கும், அது அந்த கார்பனை நசுக்கி ஒடைச்சிரும். ரோட்டாரை முழுசா அமுக்கி ஒரே மட்டத்துல உக்காருதான்னு கிட் மாட்டுற அன்னைக்கே பாத்துருக்கணும், பாக்கலைன்னா இன்னைக்குப் பாருங்க.

சூடானா நிக்குது, அரை மணி கழிச்சு எதுவும் பண்ணாமலே ஸ்டார்ட் ஆகுது

முதல்ல பெட்ரோலா கரண்ட்டான்னு பிரிச்சுருங்க. பெட்ரோல்னா வண்டி இழுக்காம தயங்கி, முக்கி, ரெண்டு மூணு தடவை குலுங்கி நிக்கும். கரண்ட்னா சாவியை ஆஃப் பண்ண மாதிரி டக்குனு நிக்கும். இப்ப பங்க்ல வர்ற இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல் சூட்டுல சுலபமா ஆவியாகும், பழைய ரப்பர் ஓஸையும் கெடுக்கும், அதனால ஏர்லாக்கும் (பெட்ரோல் பைப்புல ஆவி அடைச்சுக்கறது) இப்ப கூடுதலா வருது, கிட் மேல மட்டும் பழி போட்டுட்டு உக்காராதீங்க.

நின்ன உடனே, ஆற விடாம, ஸ்பேர் பிளக்ல ஸ்பார்க் பாருங்க. இருந்தா பெட்ரோல் பக்கம் போங்க. இல்லைன்னா டெல்கோ உள்ள சென்சார் மேல நனைஞ்ச துணியைப் பிழிஞ்சு வச்சு கொஞ்ச நேரம் விடுங்க, அது ஆறின உடனே ஸ்பார்க் வந்தா மாட்யூல்தான் சூட்டுல விழுது. வரலைன்னா அதே துணியை காயில் மேல வச்சுப் பாருங்க. காயில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிச்சா அதோட பிரைமரியை ஓம்ல அளந்து பாருங்க, ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு அளக்கணும். 1.5 ஓம் காயிலை பலாஸ்ட் இல்லாம நேரா 12 வோல்ட்ல மாட்டியிருந்தா 8 ஆம்பியர் ஓடும், காயிலும் வேகும், அதைத் தாங்காத மாட்யூலும் வேகும். கிட் பேப்பர்ல எத்தனை ஓம்னு போட்டிருக்கோ அந்தக் காயில்தான் போடணும், "பவர் காயில்"னு கடையில நீட்டறதை வாங்கி மாட்டாதீங்க.

சாவியை ஆன்ல விட்டுட்டு எஞ்சின் ஓடாம பாட்டு கேக்கறதும் இதே கணக்குதான். மேக்னட் நிக்கிற இடத்தைப் பொறுத்து காயில்ல முழு கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். ரேடியோவுக்குத் தனியா கரண்ட் குடுத்துருங்க.

பாலம் ஏறும்போது கிளிங் கிளிங்னு சத்தம், இல்ல செல்ஃப் திருப்பி உதைக்குது

நம்ம ஊர்ல மேடுன்னு பாத்தா பாம்பன் ரோட்டுப் பாலம்தான், அது ஏறறப்ப மூணாவது கியர்லயோ நாலாவதுலயோ எஞ்சின் உள்ள சில்லறை குலுக்குற சத்தம் வந்தா டைமிங், அதாவது ஸ்பார்க் வர்ற நேரம், முன்னாடி போயிருக்கு. செல்ஃப் அடிச்சா எஞ்சின் எதிர்ப் பக்கம் உதைக்கறதும் அதேதான். பாயிண்ட் தொறக்கிற இடமும் மேக்னட் சென்சாரைத் தட்டுற இடமும் ஒன்னு இல்ல, பாயிண்ட்டுக்கு வச்ச டைமிங் கிட் மாட்டின உடனே மாறிரும், டெல்கோவை அசைக்கவே இல்லையேன்னு சொன்னாலும் மாறியிருக்கும். டைமிங் லைட் போட்டு, வேக்குவம் பைப்பைக் கழட்டி அடைச்சுட்டு, உங்க வண்டி மேனுவல்ல சொன்ன டிகிரிக்கு வைங்க. காதை வச்சு டைமிங் வைக்கிற மேஸ்திரிங்க கை நல்ல கைதான், ஆனா சுமை ஏத்தாம நிக்கிற வண்டியில காதுக்கு இந்தச் சத்தம் கேக்காது.

டைமிங் சரியா இருந்தும் சத்தம் வந்தா, ரோட்டாரைக் கையால திருப்பி விடுங்க. ஸ்பிரிங் வச்சு டக்குனு திரும்ப வரணும். பிளேட்டுக்குக் கீழ இருக்கிற, வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை முன்னாடி தள்ளுற அட்வான்ஸ் வெயிட்டும் ஸ்பிரிங்கும் உப்புல துருப்புடிச்சு இறுகிப் போனாலும் கோளாறு, ஒரு ஸ்பிரிங் அத்துப் போனாலும் கோளாறு. கிட் மாட்டறதுக்கு டெல்கோவைத் தொறக்கிற அன்னைக்கே இதைச் சுத்தம் பண்ணி ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும்.

சைலன்சர்ல வெடிச்சு ஸ்டார்ட்டே ஆகலைன்னா ஒயர் மாறிருக்கும். சிலிண்டருக்கு ஸ்பார்க் போற வரிசை அம்பாசடர், பத்மினி ரெண்டுக்கும் 1-3-4-2. அம்பாசடர்ல ரோட்டார் மேலருந்து பாக்க எதிர் கடிகாரமா சுத்தும், எந்த வண்டியா இருந்தாலும் கேப்பைத் தொறந்து செல்ஃபை ஒரு தட்டு தட்டி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துட்டு ஒயரைச் சொருகுங்க.

வேகத்துல மட்டும் மிஸ்ஸிங்

பிளக் ஒயரை ஒவ்வொன்னா ஓம்ல அளங்க, கார்பன் ஒயர்னா சில ஆயிரம் ஓம் காட்டும், ஒன்னு மட்டும் பல மடங்கு கூடவோ ஒன்னுமே காட்டாமலோ இருந்தா அதான். பிளக் முனையில இடைவெளி 0.6 மிமீ கிட்ட இருக்கட்டும். அப்புறம் ரோட்டார்: கேப்பைக் கழட்டிட்டு நடு ஒயர் முனையை ரோட்டார் பித்தளைக்கு 5, 6 மிமீ மேல பிளாஸ்டிக் புடியில நிறுத்தி, ஒருத்தரை ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, நல்ல ரோட்டார்னா ஸ்பார்க் போக வழியில்லாததால முன்னாடி சொன்ன மாதிரி மாட்யூல் அடி வாங்கும். ஸ்பார்க் விடாம ரோட்டாருக்குத் தாவிச்சுன்னா ரோட்டார் பிளாஸ்டிக் ஓட்டை விழுந்து ஷாஃப்ட்டுக்கு ஒழுகுது. நல்ல ரோட்டார்னா தாவாது. ரிவிட் அடிச்ச ரோட்டார்ல இது அடிக்கடி வரும்.

சாவியை ஆஃப் பண்ணாலும் ஓடுது

குலுங்கிக் குலுங்கி கொஞ்ச நேரம் ஓடி நின்னா அது கரியும் சூடும், ஐடில் கூட வச்சிருக்கறதும், கரண்ட் இல்ல. அமைதியா அப்படியே ஓடிக்கிட்டே இருந்தா, டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியான்னு பாருங்க. சார்ஜிங் சிவப்பு லைட் வழியா கரண்ட் பின்பக்கமா வந்து மாட்யூலுக்கு உயிர் குடுக்கும். ஓடறப்பவே அந்த லைட் பல்பைப் புடுங்கிப் பாருங்க, நின்னுச்சுன்னா அதேதான். அந்த ஒயர்ல 1என்4007 டயோடு ஒன்னு, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் பாக்கற மாதிரி போட்டா தீந்துச்சு.

ரேடியோவுல கரகரன்னு எஞ்சின் சத்தம் வந்தா செம்புக் கம்பி பிளக் ஒயரை எடுத்துட்டு கார்பன் ஒயர் போடுங்க. செம்பு ஒயர் எழுப்புற அந்தச் சத்தம் சில மாட்யூலையே குழப்பி மிஸ்ஸிங் கொண்டு வரும்.

மாட்யூல் திரும்பத் திரும்ப எரியுது

ஒன்னு போயி இன்னொன்னும் போச்சுன்னா மூணாவது வாங்கறதுக்கு முன்னாடி எஞ்சினைக் கொஞ்சம் வேகமா ஓட விட்டு பேட்டரியில வோல்ட் பாருங்க. 13.8லருந்து 14.4 வரைக்கும் சரி. 15ஐத் தாண்டுச்சுன்னா ரெகுலேட்டர் போயிருக்கு, அதைச் சரி பண்ணாம எத்தனை மாட்யூல் மாட்டினாலும் எரியும்.

அப்புறம் நம்ம பக்கத்து வண்டிக்கு வருஷா வருஷம் டிங்கரிங் உண்டு, ஃப்ளோர் துரு, டிக்கி துரு, கதவு துருன்னு வெல்டிங் வைக்காம ஒரு வண்டியும் ஓடாது. கீழக்கரையில ஒரு காக்காவோட (அங்க முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) பத்மினிக்கு கிட் அழகா ஓடிக்கிட்டிருந்துச்சு, ஃப்ளோருக்குத் தகடு வச்சு எடுத்துட்டு வந்த அன்னைக்கு ஸ்டார்ட் ஆகல. வெல்டிங் கரண்ட் பாடி வழியா மாட்யூலுக்குள்ள போயிருச்சு. வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையையும், மாட்யூலோட ரெண்டு ஒயரையும் கழட்டிருங்க, டிங்கர் கடைக்காரர் வேண்டாம்னு சொன்னாலும் நீங்களே நின்னு கழட்டுங்க. பேட்டரியைத் தலைகீழா மாட்டுறது, இன்னொரு வண்டியிலருந்து ஜம்ப் குடுக்கறப்ப மாத்திக் குடுக்கறது, இதுலயும் மாட்யூல் அந்த இடத்துலயே போகும்.

ரோட்டுல நின்னுட்டா

கழட்டின பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போடாதீங்க. பாயிண்ட், கண்டென்சர், அதோட ஸ்க்ரூ, சின்ன பிளாஸ்டிக் வாஷர் எல்லாத்தையும் எண்ணெய் தொட்ட துணியில சுத்தி, காத்துப் புகாத டப்பாவுல போட்டு டிக்கியில வைங்க, திறந்து வச்சா அதையும் உப்பு தின்னுரும். ராத்திரி மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல நின்னா பக்கத்துல எந்தக் கடையிலயும் மாட்யூல் கெடைக்காது, மாத்திப் போட பாயிண்ட் இருந்தா வீடு வந்துரலாம். மேக்னட் ரிங்கை எடுக்கணும், மாட்யூலோட ரெண்டு ஒயரையும் காயில்லருந்து கழட்டணும், கண்டென்சரைத் திரும்ப மாட்டணும், லூகாஸ் டெல்கோன்னா பாயிண்ட் இடைவெளியை 0.35லருந்து 0.40 மிமீக்குள்ள ஃபீலர் கேஜ் வச்சு வைங்க, பாயிண்ட் முகத்துல இருக்கிற எண்ணெயைத் தொடச்சுருங்க. கிட்டுக்கு வச்ச டைமிங் இப்ப பாயிண்ட்டுக்குப் பொருந்தாது, அதனால டெல்கோ கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி, சத்தம் இல்லாம இழுக்கற இடத்துல இறுக்கிக்கிட்டு மெதுவா ஓட்டிட்டு வாங்க, காலையில லைட் போட்டு சரியா வச்சுக்கலாம்.